மூட்டை அரிசியும் முடக்கிய கூலியும்

கிறித்துமசு விடுமுறைக்கு இரண்டு நாள் இருக்கையில் எங்கள் பள்ளி வாயிலில் ஒரு வேன் வந்து நின்றது. முன்புறத்தில் துணிப்பதாகை. உள்ளே அரிசிச் சிப்பங்கள், குறிப்பேடுகள், வண்ணத்தாள் சுற்றிய கேக்குத் துண்டுகள். வந்தவர்கள் வெளியூர் அன்பர்கள், இன்முகத்தினர். ஏழைப் பிள்ளைகட்கு ஏதேனும் செய்யவேண்டும் என்ற எண்ணம் அவர்கள் முகத்திலே மெய்யாகவே இருந்தது; அதை நான் குறைகூறேன். வெடி விபத்தில் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகள் முன்வரிசையில் நிற்கட்டும் என்றனர். நின்றனர். படமெடுப்பவர் கருவியைக் கண்ணருகே கொண்டுபோய், பிறகு தாழ்த்தி, ஒரு மாணவனைச் சுட்டி, "தம்பி, கையைக் கழுவிட்டு வா" என்றார்.

12 வயதுப் பையன். உள்ளங்கை இரண்டும் வெள்ளிப் பூச்சுப் பூசினாற்போல் மின்னின.

"கழுவிட்டேன் சார், போக மாட்டேங்குது" என்றான்.

போகாதுதான். அது அலுமினியப் பொடி. மாலையிலே பள்ளிவிட்டதும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாட்டிக்குக் கைகொடுக்கிறான். பொடி கைரேகைக்குள் இறங்கிக் குடியேறிவிடுகிறது. தாயில்பட்டியில் ஆசிரியனாய் இருப்பவனுக்கு இது புதுமையன்று. வருகைப் பதிவேட்டைப் பார்க்காமலே, கையைப் பார்த்து எவன் வீட்டில் நேற்றிரவு என்ன நடந்தது என்று கூறிவிடலாம். படமெடுத்தவர் நல்லதொரு வழி கண்டார்: பையனைக் கைகட்டி, பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னார். படம் நன்றாகவே வந்தது. எனக்கும் ஒரு படி அனுப்பியிருந்தார்கள்.

பின்னால் மறைந்த அந்தக் கைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தோழர்களே! நான் கடவுள் நம்பிக்கை உடையவன் அல்லேன். 'கிறித்தவனுக்கு அவன் கடமையை எடுத்தோத நாத்திகனுக்கு என்ன உரிமை? நமக்கேன் இந்த வேலை?' என்று நம்மிலேயே சிலர் கேட்கக்கூடும். வழக்காடுவோன் தன் சாட்சியைவிட எதிரி கையொப்பமிட்ட பத்திரத்தையே பெரிதாக மதிப்பான். மறுக்கவொண்ணாச் சான்று அது. கிறித்தவரிடம் அத்தகைய பத்திரம் ஒன்று இருக்கிறது. ஞாயிறுதோறும் கையிலே ஏந்திச் செல்லப்படுகிறது. அதிலே என்ன ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம் என்பதே என் விண்ணப்பம்.

மத்தேயு எழுதியதாகச் சொல்லப்படும் ஏட்டின் 25-ஆம் அதிகாரத்திலே ஒரு தேர்வு நடக்கிறது. ஆசிரியன் ஆதலால் கேள்வித்தாளைக் கவனித்துப் படித்தேன். தீர்ப்பு நாள், அரியணையில் அரசர், மாந்தர் இருபுறமாகப் பிரிக்கப்படுகின்றனர். எத்தனை முறை செபித்தாய் என்ற கேள்வி உண்டா? இல்லை. எந்தச் சபையைச் சார்ந்தவன்? இல்லை. திருமுழுக்குப் பெற்ற நாள் எது? அதுவும் இல்லை! பசித்தவனுக்குச் சோறிட்டாயா, தாகித்தவனுக்கு நீர் தந்தாயா, அந்நியனுக்கு இடங்கொடுத்தாயா, ஆடையற்றவனை உடுத்தினாயா, நோயாளியை நாடினாயா, சிறைப்பட்டவனைச் சென்று கண்டாயா. ஆறே கேள்வி, ஆறும் கட்டாய வினா. தோற்றவர்கள் கொலை செய்தவர்கள் அல்லர், கொள்ளையடித்தவர்களும் அல்லர். ஒன்றும் செய்யாதவர்கள், அவ்வளவே. லூக்காவின் ஏட்டிலே வரும் செல்வனும் அப்படித்தான். வாயிற்படியில் புண்ணோடு கிடந்த லாசரு என்னும் ஏழையை அவன் அடிக்கவில்லை, விரட்டவில்லை. தாண்டிப் போனான், தாண்டிப் போனதற்கே நெருப்பு என்கிறது கதை. எரிநரகிலே எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அந்தக் கதையை நம்புகிறவர்களுக்கு அது அச்சமூட்ட வேண்டாமா?

இந்த ஆறு கேள்வியோடு நின்றிருந்தால் வேன்காரர்கள் முதல் வகுப்பிலே தேறியிருப்பர். சோறுதானே? கொடுத்தார்களே! நூல் அத்தோடு நிற்கவில்லை. பிற்பகுதியில் யாக்கோபு என்பவர் பேரால் ஒரு சிறு நிருபம் இருக்கிறது. ஐந்தே அதிகாரம். அதன் இறுதி அதிகாரத்தில் அவர் செல்வர்களைப் பார்த்துப் பேசுகிறார். வயலறுத்த கூலியாட்களுக்கு ஏதேனும் தானம் செய்யுங்கள் என்று அவர் கெஞ்சவில்லை. அவர்களுக்குக் கொடாமல் நீங்கள் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். ஏழைக்காகப் பரிந்து பேசுகிற நூல்கள் எல்லாச் சமயத்திலும் உண்டு; கூலியையே எழுந்து நின்று வழக்காட வைத்த வரி அது. தானம் கொடுப்பவன் உயரத்தில் நிற்கிறான், பெறுபவன் குனிகிறான். கூலி விவகாரத்திலோ கொடுக்கவேண்டியவன் கடன்காரன், கேட்பவன் உரிமைக்காரன். 4-ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராய் இருந்த பசிலியார், மிஞ்சியதைப் பூட்டிவைப்பவனைத் திருடன் வரிசையிலேயே நிறுத்திப் பேசினார். 1891-இல் போப்பாண்டவர் 13-ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதி, குடும்பம் பிழைக்கப் போதாத கூலியை ஒப்பந்தம் என்ற போர்வையால் நியாயமாக்க முடியாது என்றார். இவையெல்லாம் நாத்திகர் புனைந்த குற்றப்பத்திரிகை அல்ல. அவர்கள் வீட்டு அலமாரியிலே இருக்கும் ஏடுகள்.

சரி, எங்கள் ஊர்ப்பக்கம் வாருங்கள். வானம் பார்த்த கரிசல். மழை பெய்தால் பருத்தியும் சோளமும்; பெய்யாவிட்டால் பட்டினி. இந்த வறட்சியைக் கண்டுதான் தொழில் வந்தது. 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு. ஊருக்குச் சோறு போட்ட தொழில் என்பதை மறுக்கமாட்டேன். இன்று தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்திலே ஒரு வீட்டில் அடுப்பெரிகிறதென்றால், பெரும்பாலும் அங்கே ஒருத்தி காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஆலை வேன் ஏறியிருக்கிறாள் என்று பொருள்.

அவள் ஏறிப்போகும் இடத்திற்கு விதிகள் உண்டு, மிக நல்ல விதிகள். ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். மருந்தைக் கலப்பதற்கும் செலுத்துவதற்கும் தனித்தனி இடம். கலந்த மருந்தை மிச்சம் வைக்கலாகாது. மரத்தடியிலே வேலை கூடவே கூடாது. (மருந்து என்றால் எங்கள் பக்கத்தில் நோய் தீர்ப்பது அல்ல; உயிர் தீர்ப்பது. மொழி கூட எங்களைக் கேலி செய்கிறது!) விதிகள் நாகபுரியில் தலைமையிடம் கொண்ட வெடிபொருள் துறையின் ஏட்டிலே நலமாக இருக்கின்றன. ஆலையிலே நடப்பது வேறு. உரிமம் ஒருவர் பேரில். அறைகளோ குத்தகைக்கு, குத்தகைக்காரனிடமிருந்து உள்குத்தகைக்கு. ஒவ்வொரு கைக்கும் ஒரு லாபம்; லாபம் எல்லாம் அறுக்கப்படுவது கடைசிக் கையிலிருந்து. அந்தக் கடைசிக் கை அவள் கை. எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஆகவே வேகம், தீபாவளி நெருங்க நெருங்க மேலும் வேகம். நால்வர் அறையிலே நால்வர்க்கு மேல். முன்பணம் வாங்கியிருப்பாள், மகளின் சடங்குக்கோ மாமியாரின் மருத்துவத்துக்கோ. வாங்கியபின் இந்த அறை ஆபத்தானது, வரமாட்டேன் என்று சொல்ல நாக்கு எழுமா?

பிறகு ஒருநாள் காலையிலே வெடிக்கும். எங்கள் வகுப்புச் சன்னல்கள் அதிரும். பிள்ளைகள் என்னைப் பார்ப்பதில்லை. சன்னலைப் பார்ப்பார்கள், புகை எந்தத் திசையில் என்று. மறுநாள் செய்தித்தாளில் குற்றவாளி யார் என்று அச்சாகிவரும்: உராய்வு! மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டதாம். கடந்த பல ஆண்டுகளாக இந்த வட்டாரத்தில் இத்தனை உயிர்களைக் கொன்ற உராய்வைக் காவல்துறை இதுவரை கைது செய்ததில்லை. போர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு, முதலமைச்சர், பிரதமர் இரங்கல், நிவாரணத் தொகை அறிவிப்பு. சிவகாசி மருத்துவமனையிலிருந்து மதுரை இராசாசி மருத்துவமனைக்கு ஆம்புலன்சுகள் அலறும். அடுத்த வாரம் பிழைத்திருப்பவள் வேறொரு ஆலையின் வேன் ஏறுவாள்.

2012 செப்டம்பர் 5. நாடெங்கும் ஆசிரியர் நாள் கொண்டாடினார்கள். அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் எரிந்தும் மூச்சடைத்தும் மடிந்தனர். மடிந்தவர் எல்லாரும் ஆலையில் வேலை பார்த்தவர் அல்லர். புகையைக் கண்டு அக்கம்பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து ஓடிவந்தவர்கள் பலர். முதல் வெடிக்குப் பிறகு உள்ளே கிடந்தவரைத் தூக்கப் போனார்கள். அடுத்த வெடி அவர்களையும் கொண்டுபோயிற்று. நல்ல சமாரியன் கதையைச் சொல்லிச் சொல்லி நாத்தழும்பேறியவர்களே, இதோ உங்கள் சமாரியர்கள்! எரிகோ நெடுஞ்சாலைச் சமாரியன் எண்ணெய் வார்த்தான், கட்டுப்போட்டான், சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான், ஊர் போய்ச் சேர்ந்தான். எங்கள் சமாரியன் ஊர்போய்ச் சேரவில்லை. அவனுக்கு எந்த ஆலயத்தில் சிலை? எந்தப் பீடத்திலே நினைவுப் பலகை?

2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளம். 20-க்கு மேற்பட்ட சாவுகள். உள்குத்தகை விவகாரம் அப்போது நாடறிய அம்பலத்துக்கு வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. அதே ஆண்டு சூன் மாதம் எங்கள் தாயில்பட்டியிலேயே, ஆலையில் அல்ல, குடியிருந்த வீட்டிலே பட்டாசு செய்கையில் வெடித்தது. மாண்டவருள் ஒரு குழந்தையும் உண்டு. ஏன் வீட்டிலே செய்தார்கள், சட்டவிரோதம் அல்லவா என்று சட்டம் படித்தவர்கள் கேட்கிறார்கள். ஆலையில் வேலை நின்றால் அடுப்பு நிற்குமா என்று கேட்டுப் பார்த்தார்களா?

இனி, தலைப்புக்கு வருகிறேன். இதற்கும் திருச்சபைக்கும் என்ன தொடர்பு? ஆலை முதலாளிகள் பெரும்பாலும் கிறித்தவர் அல்லரே என்பார்கள். உண்மை. ஆனால் இந்த மண்ணுக்குக் கிறித்தவம் நேற்று வந்த விருந்தாளி அன்று. சிவகாசியைத் தலைமையிடமாக வைத்து 1854-இல் கேம்பிரிட்சுப் பட்டதாரி இராக்லாந்து வட திருநெல்வேலிச் சுற்றுப்பணியைத் தொடங்கினார்; பங்களா வேண்டாம் என்று கூடாரத்தில் குடியிருந்து ஊர் ஊராக அலைந்தார்; 1858 அக்டோபர் 22-இல் சிவகாசியிலேயே இறந்தார். பட்டாசு இந்த ஊருக்கு வருவதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்பே பைபிள் வந்துவிட்டது! அருகே சாட்சியாபுரம் என்ற ஊரே எழுந்தது. அங்கே அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகட்குப் பள்ளி நடத்துகிறார்கள். யாரும் ஏறெடுத்தும் பாராத குழந்தைகளை ஏந்திய கைகள் அவை, அவற்றுக்கு என் வணக்கம். சாட்சியாபுரம்! சாட்சி சொல்லவேண்டியவர்களின் ஊர். எதற்குச் சாட்சி?

திருநெல்வேலிச் சீமையின் பழைய வரலாற்றைப் புரட்டினேன். ஏளனம் செய்யலாம் என்ற எண்ணத்தோடுதான் புரட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வியப்படைந்தேன். புதிதாய்க் கிறித்தவரான ஏழைகளை மேல்சாதி நிலக்காரர்கள் ஊரைவிட்டு விரட்டியபோது, இரேனியசு என்ற செருமானியப் பாதிரியார் என்ன செய்தார்? அரிசி கொடுத்து, பொறுமையாய் இருங்கள், பரலோகத்தில் வீடு உண்டு என்றாரா? 1830-இல் தர்ம சங்கம் என்றோர் அமைப்பை ஏற்படுத்தி நிலம் வாங்கினார்! நிலத்திலே வீடு. துரத்துபவன் காலடியிலிருந்து ஏழையை விடுவிக்க அவன் காலுக்குக் கீழே அவனுக்கே உரிய தரையை வைத்தார். அதற்கும் முன்னரே 1799-இல் முதலூர் அவ்வாறு எழுந்த ஊர். சாயர்புரம், நாசரேத்து, மெஞ்ஞானபுரம் என்றெல்லாம் தேரிமணலில் இன்று நாம் காணும் ஊர்களின் பின்னே புகலிடம் தேடிவந்த ஏழையின் வரலாறு இருக்கிறது.

தென் திருவிதாங்கூருக்குப் போங்கள். நாடார் பெண்கள் மார்பை மறைத்ததற்காகச் சந்தையிலே சீலையைக் கிழித்தார்கள் ஆதிக்கச் சாதியார். மீடு முதலிய இலண்டன் மிசன் பாதிரிமார் என்ன செய்தனர்? இரவிக்கை தைத்துக் கொடுத்தனர் என்பதோடு முடியவில்லை கதை. மனு எழுதினர், அரண்மனைக்கு. அரண்மனை கேளாதபோது சென்னை ஆளுநருக்கு. டிரெவிலியன் ஆளுநராய் இருந்து அழுத்தம் கொடுத்து, 1859 சூலை 26-இல் திருவிதாங்கூர் மன்னர் ஆணையிட்டார். அடிமை முறை ஒழிய 1847-இல் அவர்கள் மனு. 1855-இல் ஒழிப்பு ஆணை. இவர்களை மாசுமறுவற்ற மாணிக்கங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இடையன்குடிக் கால்டுவெல் 1849-இல் எழுதிய சிறுநூல் நாடார் மக்களைப் புண்படுத்தியது. அந்தக் கசப்பு நெடுநாள் இருந்தது. ஆனால் அதே கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்தார், நாம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறோம். தாது வருடப் பஞ்சத்திலே, 1876 முதல் 1878 வரை, கஞ்சித்தொட்டி வைத்தார்கள். பஞ்சத்துக்குப் பின் பல்லாயிரவர் சபைக்கு வந்தனர். அரிசிக் கிறித்தவர் என்று வயிறு நிறைந்தவர்கள் இன்றும் கேலி பேசுகிறார்கள். பசித்தவன் எவன் கை நீண்டதோ அந்தக் கையைப் பிடித்தான். கேலி பேசுபவரின் பாட்டன் கை அப்போது எங்கே இருந்தது?

ஆக, ஏழைக்குச் செய்யும் கடமை என்பது அன்று நிலமாக இருந்தது, மனுவாக இருந்தது, அரண்மனையோடு மல்லுக்கு நிற்பதாக இருந்தது. இன்று? சிப்பம் அரிசி, சேலை, கேக்குத் துண்டு, பதாகை, படம். நிலம் வாங்கிய கை சுருங்கிப் படம் எடுக்கும் கையாயிற்று. இதற்குப் பேர் வளர்ச்சியா?

உள்வீட்டுச் செய்தியும் கொஞ்சம் உண்டு. வடக்கன்குளத்தில் 1872-இல் எழுப்பிய மாதா கோயில் காற்சட்டையின் இரு கால் போல இரு கூடமாய்க் கட்டப்பட்டது: ஒரு கால் வேளாளருக்கு, ஒரு கால் நாடாருக்கு. பீடத்தில் நிற்கும் குருவுக்கு மட்டும் இரு கூடமும் தெரியும். 1910-இல் தடுப்பை இடித்தார்கள். இடித்ததை எதிர்த்து உயர்நீதிமன்றம் வரை வழக்கு! திருச்சியில் கல்லறைத் தோட்டத்திலே சுவர்; பிணத்துக்கும் சாதி. 2008-இல் எறையூரில் ஆலயத்தில் சமவுரிமை கேட்ட பிரச்சினை கலவரமாகித் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. 2016 டிசம்பரில் கத்தோலிக்க ஆயர் பேரவையே தீண்டாமை தம் சபைக்குள் இருப்பதை ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஒப்புக்கொண்டது பெரிய மனம்தான். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித்துக் கிறித்தவருக்கு அட்டவணைச் சாதி உரிமையை மறுக்கிறது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் திறந்த கதவு இவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. இந்த அநீதியை எதிர்க்கும் கிறித்தவரோடு நாமும் நிற்கவேண்டும், ஐயமில்லை. ஆனால் தில்லியிடம் கேட்கும் சமவுரிமையைக் கல்லறையிலே கொடுத்துவிட்டுக் கேட்டால் குரல் இன்னும் ஓங்குமே!

"ஐயா ஆசிரியரே, நாங்கள் சிறுபான்மை, ஏற்கெனவே எங்களை மதம் மாற்றுகிறவர்கள் என்று பழிக்கிறார்கள், முதலாளியைப் பகைத்துக்கொண்டு, கூலி, சங்கம், வழக்கு என்று இறங்கினால் எங்கள் பள்ளியும் ஆலயமும் என்ன ஆகும்? அரசியல் எங்கள் வேலையன்று" என்றார், வேனோடு வந்த பெரியவர். நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை அவர். அச்சம் நியாயமான அச்சம். அவருக்கு நான் நினைவூட்டியது ஒரே பெயர்: ஸ்டேன் சாமி. திருச்சி மாவட்டம் விரகாலூரிலே 1937-இல் பிறந்த தமிழர், சேசு சபைக் குரு. சார்க்கண்டுப் பழங்குடி மக்களின் நிலத்துக்காகவும், காரணமின்றிச் சிறையில் வாடிய அவர்தம் இளைஞர்களுக்காகவும் பேசினார். 2020 அக்டோபர் 8-இல் கைது. நடுக்குவாத நோயாளி, குவளை பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்துக்கு மனுப்போட வேண்டியிருந்தது. 2021 சூலை 5-இல், பிணைமனு விசாரணையில் இருக்கையிலேயே, காவலில் இருந்த கைதியாக மும்பையில் ஒரு மருத்துவமனையில் மாண்டார், 84 வயதில். ஆறாம் கேள்வி நினைவிருக்கிறதா? சிறைப்பட்டவனைச் சென்று கண்டாயா? காணப்போனவர் தாமே சிறைப்பட்டார். அவர் செய்ததும் அரசியல்தான் என்றால், அந்த அரசியலை அவருக்குக் கற்பித்த நூல் எது? பெரியவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாரும் ஸ்டேன் சாமி ஆக முடியுமா?" என்றார்.

ஆகவேண்டாம். உயிர் கொடுக்க யார் கேட்டார்கள்? சபைகளிடம் கல்லூரிகள் இருக்கின்றன, சட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள், தீக்காயம் ஆற்றத் தெரிந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஞாயிறுதோறும் ஆயிரம் காது கேட்கும் மேடை இருக்கிறது. விபத்தில் இறந்தவளின் குடும்பத்துக்கு இழப்பீட்டு வழக்கு நடத்த ஒரு வழக்கறிஞரை அனுப்புங்கள். கூலிச்சீட்டு இல்லாதவளுக்குக் கூலிச்சீட்டு வாங்கித் தாருங்கள். சீட்டு இல்லாவிட்டால் நாளை அவள் அந்த ஆலையில் வேலை பார்த்தாள் என்பதையே மெய்ப்பிக்க முடியாமல் போகிறது, அந்த உள்குத்தகைக்காரன் எங்களுக்குத் தெரியாது என்று உரிமையாளர் கைகழுவுகிறார். (கைகழுவுதல்! பிலாத்து செய்ததை உங்களுக்கு நான் விளக்கவேண்டுமா?) முன்பணக் கடனை அடைக்க வட்டியில்லாக் கடன் சங்கம் வையுங்கள், தர்ம சங்கம் வைத்த பரம்பரைதானே! நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் கொளுத்துகிறீர்களே வெடி, அந்தப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் ஆலையிலே ஓர் அறைக்கு நால்வர்தானா என்று வாங்குமுன் ஒருமுறை கேளுங்கள். வாங்கவே வாங்காதீர் என்று நான் சொல்லேன். எங்கள் ஊர் அடுப்பு அணைந்துவிடும். கேட்டு வாங்குங்கள்.

ஒரு வழக்கு எவ்வளவு செய்யும் என்பதற்கு எங்கள் ஊரே சான்று. மேத்தா என்ற வழக்கறிஞர் 1986-இல் சிவகாசிப் பிள்ளைகளுக்காக உச்சநீதிமன்றம் போனார். 1991-இல் மீனம்பட்டியில் 39 பேர் செத்தபோது நீதிமன்றம் மீண்டும் விழித்தது. 1996 டிசம்பர் 10-இல் தீர்ப்பு: வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும், பிள்ளையின் குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலை தரவேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் கட்டவேண்டும். அதன்பின் ஆலைவாசலில் பிள்ளைகள் கூட்டம் பெருமளவு குறைந்தது. என் வகுப்பிலே இன்று இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதற்கு அந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு. அரிசிச் சிப்பம் எத்தனை லாரி இறக்கினாலும் இது நடந்திருக்குமா?

நம்மவரைப் பார்த்தும் ஒரு சொல் சொல்லாமல் போவது நேர்மையாகாது. பகுத்தறிவு பேசுகிற நாம் முதலிப்பட்டிக்குப் போனோமா? போனோம், மாலை வைத்தோம், முழங்கினோம், திரும்பினோம். மதக்காரன் படமெடுத்தான், நாம் தீர்மானம் போட்டோம். அந்தப் பிள்ளையின் கை இரண்டு பேருக்கும் பின்னால்தான் இருந்தது. நம் மன்றங்கள் எத்தனை கூலிச்சீட்டு வாங்கித் தந்தன என்று என்னை யாரேனும் கேட்டால் தலைகுனிய வேண்டியவன் நான். கடவுள் இல்லை என்று சொல்பவனுக்கு இந்தக் கடமை குறைவல்ல, கூடுதல். அவன் ஏழையை ஒப்படைக்க மேலே ஆளில்லை.

சனவரியில் அந்தப் பெரியவருக்குக் கடிதம் எழுதினேன். கூடிய மட்டும் பணிவாகவே எழுதினேன். அடுத்த முறை அரிசி குறைந்தாலும் குற்றமில்லை. கூட ஒரு வழக்கறிஞரை அழைத்து வாருங்கள், எங்கள் பள்ளித் திண்ணையிலேயே அவர் உட்கார்ந்து மனு எழுதலாம், மேசை நாற்காலி நான் தருகிறேன் என்று எழுதினேன். வெள்ளிக் கையுடைய அந்தப் பையனின் தாய் இறந்த விபத்துக்கு இன்னும் இழப்பீடு முழுதும் வரவில்லை என்பதையும் குறித்திருந்தேன்.

பதில் வந்தது. அன்பான பதில். வழக்கறிஞர் செய்தி கமிட்டியின் ஆலோசனையில் இருக்கிறதாம். அழைத்து வரமாட்டோம் என்று சொல்லவில்லை. வருகிற கிறித்துமசுக்குச் சிப்பம் கட்டவேண்டும், ஆகவே விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் எங்கள் பள்ளியில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். இப்போது சொல்ல இயலாது, தீபாவளி கழித்துச் சொல்கிறேன் என்று பதில் எழுதியிருக்கிறேன்.